ஏழு பெண்களின் பின்னால் வந்தவன்

எனக்கு ஒன்பது வயதானபோது, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த பெரியப்பா எங்கள் வீட்டுக்கு ஓர் ஆளையும் கூட்டிவந்துவிட்டார் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அவர் கொண்டுவந்தது சுருட்டிய ஓர் ஓவியம். அங்கே பாலைவனத்து ஊரொன்றில் கடை வைத்திருந்த பெரியப்பா, அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண் ஒருவரிடம் அதை வாங்கியிருந்தார்.

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா அதை மாட்டினார். செம்மண் நிறத்தின் மேல் புள்ளி, புள்ளி, மேலும் புள்ளி. "அம்மை போட்ட மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

பெரியப்பா என்னையும் அக்காவையும் இருத்திக் கதை சொன்னார். வட்டங்கள் நீர்ச்சுனைகள். அவற்றைச் சுற்றியிருந்த லாட வளைவுகள் உட்கார்ந்திருக்கும் ஏழு சகோதரிகள். ஒருவன் அவர்களை விடாமல் துரத்துகிறான். கடைசியில் அவர்கள் வானத்தில் ஏறி, நாங்கள் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரங்களாகிறார்கள். அவன் அங்கேயும் பின்னால் போகிறான். இந்தக் கதை தெரிந்தவர் அந்தப் பாலையில் தாகத்தால் சாகமாட்டாராம். அவர்கள் ஓடிய வழிதான் தண்ணீர் இருக்கும் வழி.

"அவன் எங்கை நிக்கிறான்?" என்று கேட்டேன்.

"ஆள் மாதிரி நிக்கமாட்டான். மரமா நிப்பான், பழமாக் கிடப்பான், பாம்பா வருவான். மிச்சத்தை அந்த மனுசி சொல்லேல்லை. வெளியாக்களுக்குச் சொல்லக்கூடாதாம்."

பெரியப்பா திரும்பிப் போய்விட்டார். நான் அந்தச் சுவரைக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டே கடந்தேன். ஒவ்வொரு மாலையும் ஏதோ சில புள்ளிகள் இடம் மாறியிருந்தன.

பிறகு அவனை வெளியில் கண்டேன். லிசே என்னும் மேல்நிலைப் பள்ளியில் படித்த அக்காதான் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவாள். ஒருநாள் மெத்ரோ ரயில் நிலையப் படியருகே தொப்பியோடு நின்றான். இன்னொரு நாள் மரக்கறிக் கடையில், சிவப்பு ஜாக்கெட்டில், வெண்டிக்காயைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டு நின்றான். உடுப்பு மாறியது, கண்கள் மாறவில்லை. அவை ஒருபோதும் என்னைப் பார்க்கவில்லை.

அக்காவோ அந்த நாட்களில் நேரே வீட்டுக்கு வருவதேயில்லை. சேலைக் கடைக்குள் நுழைந்து ஒன்றும் வாங்காமல் வெளியே வருவாள். பிறகு பேக்கரி, பிறகு மருந்துக்கடை. எனக்குப் பசிக்கும். கையை நோகும்படி பிடித்திருப்பாள்.

ஒரு மாலை, தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்: "படத்தில இருந்தவன் இறங்கி வந்திட்டான். சிவப்பு ஜாக்கெட் போட்டிருக்கிறான்."

அப்பா சிரித்தார். "பெரியப்பான்ர வேலை இது" என்று அம்மாவும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. நீயும் அவனைக் கண்டாயா என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடுப்பை நிறுத்தினார்.

என்னை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். "எவ்வளவு நாளா பின்னால வாறான்? ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்ற அப்பாவின் குரல் கேட்டது. அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் அக்காவும் அப்பாவும் பொலிசுக்குப் போனார்கள். அந்த வாரமே அக்கா எபினே என்ற புறநகரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா படத்தைக் கழற்றிச் சுருட்டினார். ஆபத்து அத்தோடு தீர்ந்தது என்று நான் நிம்மதியாக, கட்டில் முழுவதிலும் கைகால் பரப்பித் தூங்கினேன்.

நான் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு அக்கா தினமும் போன் எடுப்பாள். பல் விழுந்ததைச் சொல்ல நான் துடித்துக்கொண்டிருப்பேன். அவளோ "ஆரோட வந்தனீ?" என்று மட்டும் கேட்பாள். "அப்பாவோட" என்றதும் மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்கும். பிறகு வைத்துவிடுவாள்.

அக்காவுக்கு என்மேல் இருந்த பாசம் போய்விட்டது என்று நினைத்து அழுதேன்.