ஜோடிப் பரீட்சை

பேசிக் காட்டலாம், சேர்ந்து செய்யலாம், தாளில் எழுதுவது மட்டுமே கணக்குப் பரீட்சை இல்லை என்று யாராவது இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஜெயங்கொண்டத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் இதெல்லாம் நடந்தது. நல்லபடியாகத்தான் நடந்தது. அதனால் என்ன ஆனது என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பரீட்சை என்றாலே பாதிப் பேர் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம் என்று அவருக்கு வருத்தம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஜோடிப் பரீட்சை வைத்தார். பெஞ்சுக்கு இரண்டு பேர். ஒருத்தி கணக்கை வாயால் சொல்ல வேண்டும், மற்றவள் அதைத் தாளில் எழுத வேண்டும். டீச்சர் பெஞ்சு பெஞ்சாக வந்து நின்று, "ஏன் அப்படி?" என்று கேட்பார். சொன்னதற்குப் பாதி மார்க், எழுதியதற்குப் பாதி. கூட்டி வருவதை இரண்டு பேருக்கும் ஒன்றாகப் போடுவார்.

என் ஜோடி என் சிநேகிதி. முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருந்த ஊரிலிருந்து வருவாள். அவள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைப்பார்கள். அதன் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். பேனாவை அழுத்திப் பிடித்தால் எரியும். எழுத்தா அது? கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதிமூன்று அடி ஏணியைச் சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளி வைத்தால் எவ்வளவு உயரம் எட்டும் என்று டீச்சர் கேட்டு வாயை மூடுவதற்குள், "பன்னெண்டுங்க டீச்சர்" என்பாள். எப்படி என்று கேட்டால் தரையில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டு விளக்கிவிடுவாள்.

எனக்கு அது வராது. எனக்கு வந்தது கையெழுத்து. சூத்திரத்துக்குக் கட்டம் கட்டி, படத்துக்கு அளவு குறித்து, 'ஆகவே' போட்டு, விடைக்கு இரட்டைக் கோடு இழுப்பேன். அவள் தாவிப் போன படிகளை நான் கேட்டுக் கேட்டு எழுதுவேன். "அதான் விடை தெரியுதுல்ல, அதுக்கு எதுக்குடி ஆறு வரி?" என்று அலுத்துக்கொள்வாள். வகுப்பிலேயே எங்கள் தாள்தான் முதல். அரையாண்டு வரை இப்படி, அதற்கப்புறம் சொல்பவள் எழுத வேண்டும், எழுதுபவள் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் திட்டம். பொங்கலுக்கு முன்னால் அவருக்குப் பெரம்பலூர்ப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. பின்னால் வந்தவர் ஜோடியை எல்லாம் பிரித்து உட்காரவைத்தார். மாற்றிச் செய்யும் பாதி நடக்கவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மார்க்குகளைக் கூட்டிப் போட்ட அரையாண்டு மார்க் எங்கள் இருவரின் ரிப்போர்ட் கார்டிலும் ஒன்றுபோல ஏறியிருந்தது. அதை அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பத்தாவது பாஸானால் பிளஸ் ஒன். இல்லாவிட்டால் விருத்தாசலத்திலிருக்கும் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவது. அவள் வீட்டில் பேசி வைத்திருந்தது இதுதான், அவளுக்கும் தெரியும். மாமன் கெட்டவர் இல்லை. ஆனால் அவளுக்குப் படிக்க ஆசை. அவ்வளவு ஆசை எனக்குக்கூட இருந்ததில்லை.

பொதுப் பரீட்சையில் எங்கள் இருவருக்கும் வேறு வேறு அறை. பேப்பரில் ரிசல்ட் வந்தபோது என் நம்பர் இருந்தது, அவள் நம்பர் இல்லை. கணக்கில் மட்டும் போயிருந்தது. நான் தப்பிப் பிழைத்தது எப்படி என்று எனக்குத் தெரியும். பாதிக் கணக்குகளுக்கு விடையே வரவில்லை. ஆனால் சூத்திரம், படம், படிகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. படிக்குப் படி மார்க் விழுந்தது. அவளோ விடையை மட்டும் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

அக்டோபரில் திரும்ப எழுத விடுங்கள் என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பாவை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். கட்டிலில் உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொன்னார். கோபமாக இல்லை. களைத்துப்போய் இருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே மார்க்குதான பாப்பா வாங்குனீங்க. ஒண்ணா உக்காந்தப்ப பாஸு, தனியா உக்காந்தா இது ஃபெயிலு. அப்ப யாரு போட்ட கணக்கு அதெல்லாம்?"

"அவதான் பெரியப்பா போட்டா. நான் எழுத மட்டும்தான் செஞ்சேன்."

அவர் சிரித்தார். உள்ளே இருந்த பெரியம்மாவிடம், "கூட்டாளிய வுட்டுக் குடுக்குதா பாரு. நல்ல புள்ள" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கையோடு கொண்டு போயிருந்த வினாத்தாளை விரித்து, கடைசிக் கணக்கைச் சத்தமாக வாசித்தேன். கூம்பு மாதிரி ஒரு கூடாரம். ஆரம் ஏழு மீட்டர், உயரம் இருபத்து நான்கு. துணி எவ்வளவு வேண்டும்? கதவோரம் நின்றிருந்தவள் தலையைத் தூக்காமல், "ஐநூத்தம்பது சதுர மீட்டர்" என்றாள். நான் தப்பாகப் போட்ட கணக்கு அது.

"இத அங்க எழுதுனியா?" என்றார் அப்பா.

"எழுதுனேன்."

"அப்புறம் ஏன் மார்க்கு போடல?"

நான்தான் பதறிக்கொண்டு, "வழியும் எழுதணும் பெரியப்பா. விடைய மட்டும் எழுதுனா மார்க்கு போட மாட்டாங்க" என்றேன்.

"வழி தெரியாம விடை மட்டும் தெரியுதுன்னா, அதுக்கு என்ன பேரு பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டவில்லை. மகளை அதற்குமேல் சங்கடப்படுத்த வேண்டாம் என்பதுபோல எழுந்து வெளியே போய்விட்டார். இல்லை இல்லை என்று நான் என்ன கத்தினாலும், அது என் நல்ல மனசுக்கு இன்னொரு சாட்சியாகத்தான் அந்த வீட்டில் ஆனது.

பஸ் ஏற்றிவிட அவள் கூட வந்தாள். வழியெல்லாம் அந்த டீச்சரை நான் திட்டிக்கொண்டே நடந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போனாரே என்று திட்டினேன். அவர் என்ன செய்வார், பாவம். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. எப்படியாவது அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிடலாம், எழுதிப் பழக நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாண்டி" என்றாள். "அப்பா சொல்றது சரிதான். கணக்கெல்லாம் நீதான போட்ட. நான் சும்மா பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டுதான இருந்தேன்."

எனக்குச் சமாதானம் சொல்கிறாளா, வீம்புக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. அவள் அதை நம்பிவிட்டிருந்தாள்.