பழனியாத்தாளின் பாதிச் சாவி

சேலைத் தலைப்பைக் கீபோர்டின் மேல் கூடாரம் போல இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்துக்கொண்டுதான் பழனியாத்தாள் பாஸ்வேர்டில் தன் பாதியைத் தட்டுவார். அதற்கு முன் பக்கத்தில் இருக்கும் தமிழ்ச்செல்வன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். கடைக்காரர் சுஃப்யான் எழுந்து வாசலுக்குப் போய்விட வேண்டும். திரையில் எழுத்தே தெரியாது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நட்சத்திரம்தான் விழும் என்று சுஃப்யான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"நச்சத்திரம் விழுகறது சரிங்க. வெரலு போற பக்கம் தெரியுமல்ல?" என்பார் பழனியாத்தாள்.

கூடாரத்துக்குள் ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போகும். தலைப்பு அங்கங்கே லேசாக எழும்பித் தாழும். முடிந்ததும் தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ம், தொறங்க தம்பி" என்பார். தமிழ்ச்செல்வன் திரும்பி ஒரு தட்டுத் தட்டினால், கணபதிப் பகுதியில் உள்ள அந்தச் சின்னத் திருச்சபையின் இ-மெயில் குழு திறக்கும்.

சபை என்றால் நாற்பது குடும்பம். பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன் தோட்டங்காடுகளில் கூலிக்குப் போனவர்கள். பிறகு மில், பவுண்டரி, பம்புசெட் கம்பெனி என்று பிரிந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது மஸ்கட்டிலும் ஷார்ஜாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சனிக்கிழமை தோறும் ஒரே கடிதம் இங்கிருந்து போகிறது. சபைச் செயலாளர் தமிழ்ச்செல்வன் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். குழுவைத் தொடங்கியவர் அவர்தான். பழனியாத்தாள் சபைப் பொருளாளர், சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைப் பதிவேட்டில் எஸ்தர் என்று எழுதியிருக்கிறது. எஸ்தர் என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துப் பேசாமல் நடந்துபோவார்.

சுஃப்யானின் பிரவுசிங் சென்டர் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. பட்டறையில் பெரிய மோட்டாரைப் போட்டால் இங்கே டியூப்லைட் கண் சிமிட்டும். மோடம் கிர்ரென்று கத்தி, விசிலடித்து, காறித்துப்பி லைன் பிடிப்பதற்கு ஆகும் நேரத்தைப் பழனியாத்தாள் வீணாக்குவதில்லை. தலையில் முக்காடிட்டு, பரமண்டல ஜெபத்தை முணுமுணுப்பார். அவர் ஆமென் சொல்லும்போது லைன் கிடைத்தால் அன்றைக்குக் கடிதம் நன்றாக அமையும் என்பது அவர் கணக்கு. பாதி ஜெபத்திலேயே லைன் கிடைத்துவிட்டால், "இருக்கட்டுமுங்க, அது சித்த காத்திருக்கட்டும்" என்று மீதியையும் முடித்துவிட்டுத்தான் கண் திறப்பார்.

கடிதத்தை எழுதுவது தமிழ்ச்செல்வன். ஞாயிறு பிரசங்க வசனம், பிறந்தநாள், பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்று ஒழுங்காக வரும். கடைசி நான்கு வரி மட்டும் பழனியாத்தாளுடையது. அதை அவர் சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். "நேத்துப் பொழுதுசாய ஒரு ஒழவு மழைங்க. சத்தி ரோட்டுல பாலத்துக்குத் தோண்டுன குழி ரொம்பிக் கெடக்குது. சிறுவாணித் தண்ணி மூணு நாளா வரல. கண்ணையா ஊட்டு எருமை கன்னு போட்டுருச்சு." ஆண்டவருடைய கடிதத்தில் எருமைக்கன்று எதற்கு என்று தமிழ்ச்செல்வன் ஒருமுறை கேட்டார். மஸ்கட்டிலிருந்து வந்த மூன்று பதிலிலும் கன்று கிடாரியா கடாவா என்றுதான் கேட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

சாவி பாதியான கதை தனி. முதலில் பாஸ்வேர்டு முழுதும் தமிழ்ச்செல்வனிடம்தான் இருந்தது. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். கடிதம் நின்றது. சபைக்கு என்ன ஆயிற்றோ என்று ஷார்ஜாவிலிருந்து கண்ணையா வீட்டுக்குப் போன் வந்தது. ஓர் ஆளை நம்பி இருக்கக்கூடாது, இன்னொருவருக்கும் அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி கூடியது. இருவருக்கும் தனித்தனியாக முழு அதிகாரம் கொடுக்க வழி இருக்கிறது என்று சுஃப்யான் சொல்லியனுப்பியிருந்தார். கமிட்டியில் மூத்தவரான கண்ணையாவுக்கு அது பிடிக்கவில்லை. சபையின் காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு; ஒரு சாவி செயலாளரிடம், மற்றது பொருளாளரிடம்; இருவரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். "பொட்டிக்குப் பண்றதத்தானுங்க இதுக்கும் பண்ணோணும். ஆளாளுக்குத் தொறக்கறதுக்குப் பேரு பூட்டுங்களா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்படித்தான் பாஸ்வேர்டின் முன்பாதி செயலாளருடையது, பின்பாதி பொருளாளருடையது என்று முடிவாகி, இருவரும் தம் பாதியை வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று ஆலயத்தில் நின்று வாக்குக் கொடுத்தார்கள். ஓர் ஆள் படுத்தால் வேலை நிற்கிறது என்று தொடங்கிய விஷயம், இரண்டில் எந்த ஆள் படுத்தாலும் நிற்கும் என்று முடிந்தது. அதைக் கமிட்டியில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பழனியாத்தாள் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கவேண்டும். அவரை மொபெட்டில் கொண்டுவந்து விடுவது அவருடைய கணவர் சின்னான். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர், சாதுவான மனிதர். அவரும் வாசலோடு சரி. ஒருநாள் அவர் சலித்துக்கொண்டே கேட்டுவிட்டார், அப்படி என்னத்தைத்தான் அதில் வைத்திருக்கிறாய், என்னிடம் சொன்னால் தேய்ந்தா போய்விடும் என்று.

"அது சபைச் சாவிங்க மாமா. ஊட்டுச் சாவியில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார் பழனியாத்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் செவ்வந்திக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. ஆபரேஷன் என்று முடிவானதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னிடம் பாட்டும் வசனமும் படித்த பிள்ளைகள் எங்கெங்கே இருந்தாலும், தன்னை உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் எல்லாரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும். அது தெரிந்தால் பயமில்லாமல் படுப்பேன் என்றார். ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை என்றிருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. அந்த வாரக் கடிதம் ஞாயிறன்று போனால் போதும் என்று பழனியாத்தாளும் சின்னானும் பவானிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் திடீரென்று, இன்றைக்கே, மூன்று மணிக்கே என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழ்ச்செல்வன் சுஃப்யான் கடைக்கு ஓடினார். பிள்ளைகளின் முகவரியெல்லாம் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. தன் பாதியைத் தட்டிவிட்டு, பவானியில் கல்யாண மண்டபத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து, சுஃப்யானின் செல்போனில் கூப்பிட்டார். அங்கே மைக்கில் கூப்பிட்டு, பழனியாத்தாளை மேனேஜர் அறைக்கு வரவழைத்தார்கள். அறையில் சின்னானின் அத்தையும் இன்னும் நாலைந்து பெண்களும் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ச்செல்வன் விஷயத்தைச் சொன்னார். "என்ற பாதியப் போட்டுட்டனுங்கக்கா. உங்க பாதியச் சொல்லுங்க."

"சொல்றதுன்னா... வாயிலயா தம்பி?"

"பின்ன? அங்க இருந்து கைய நீட்டித் தட்டுவீங்களா?"

பழனியாத்தாள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். அவர் வாயிலிருந்து வராத சொல் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. அது கணவரின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவார். ஆலயத்தில் காணிக்கை கொடுத்தவர்களை வாசிக்கும்போது அந்த இடத்தில் 'நம்மூட்டு' என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார், சபை சிரிக்கும். பாஸ்வேர்டுக்கு ஒரு சொல் கேட்டபோது, தூக்கத்தில்கூட வாய் தவறாத சொல்லாக இருக்கட்டும் என்று அதையே வைத்துவிட்டார். விரல் தட்டலாம், விரலுக்கு நாக்குக் கிடையாது.

"அது வந்து தம்பி... நாலாவது பெஞ்சுல, சன்னலோரமா ஒக்காருவாங்கல்ல..."

"பெஞ்சு நம்பருங்களா?" தமிழ்ச்செல்வன் நாலு என்று தட்டினார். தப்பு என்று திரை சொன்னது. "அக்கா, விடுகதை போடற நேரமா இது? எழுத்து எழுத்தாவாவது சொல்லுங்க."

முதல் எழுத்துக்கு வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். எழுத்தாகப் பிரித்தாலும் சேர்த்தால் அதே பெயர்தானே. யாரை ஏமாற்றுவதற்கு? அத்தை வேறு பை போடுவதை நிறுத்திவிட்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் எழுதி யாரையாவது படிக்கச் சொல்லலாம். ஆனால் அது சபைச் சாவியைச் சத்தம் போட்டு வெளியாளிடம் கொடுப்பது. சுவரில் கடிகாரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் செவ்வந்தியின் தம்பி வாசலுக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டு, கடிதம் போயிற்றா என்று இரண்டு முறை கேட்டுவிட்டதாகத் தமிழ்ச்செல்வன் சொன்னார்.

அப்போதுதான் சின்னான் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பந்தி போட்டாயிற்று, வரவில்லையா என்று கேட்டார்.

"ஏனுங், இக்கட்ட வாங்க." பழனியாத்தாள் ரிசீவரை அவரிடம் நீட்டினார். "உங்க பேரச் சொல்லுங்க."

"யாருகிட்ட?"

"செகரட்டரி தம்பிகிட்டத்தான்."

"ஏம்மணி, அவனுக்கு என்ற பேரு தெரியாதா?"

"தெரிஞ்சாலும் பரவால்ல. சொல்லுங்க."

சின்னான் ரிசீவரைக் காதில் வைத்து, ஆபீஸில் கேட்டால் சொல்வது போல ஊரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்து ஆரம்பித்தார். பழனியாத்தாள் கையசைத்துத் தடுத்தார். பேர் மட்டும். "சின்னானுங்க" என்றார் அவர்.

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தமிழ்ச்செல்வனின் குரல், சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல்: "தொறந்துருச்சுங்கண்ணா."

கடிதம் நேரத்துக்குப் போய்விட்டது. மஸ்கட்டில் ஒருவன், கூட்டாளி போனில் சொல்லக் கேட்டு, லாரியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு ஜெபித்ததாக எழுதியிருந்தான். செவ்வந்தி இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். படியேறத்தான் இன்னும் மூச்சு வாங்குகிறது. வாக்குக் கொடுத்த இருவரைத் தவிர மூன்றாவது ஆளுக்கும் தன் பாதி தெரிந்துபோனதைப் பழனியாத்தாள் தானே கமிட்டியில் சொல்லிவிட்டார். செயலாளருக்கும் பொருளாளருக்கும் இனித் தனித்தனி முழுச்சாவி என்று கண்ணையாவே முன்மொழிந்தார்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. சின்னான் ரிசீவரைக் காதோடு பிடித்தபடி, "தொறந்துருச்சாம்" என்று மனைவியிடம் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கு என்ன திறந்தது, எதனால் திறந்தது என்று மெதுவாகப் பிடிபட்டது. அத்தையும் மற்றப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே நின்றுவிட்டார். பழனியாத்தாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்து, "எழுதிக்குங்க தம்பி" என்று கடிதத்தைச் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே, மற்றக் கையால் மேனேஜரின் நாற்காலியை இழுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, அவர் பக்கம் தள்ளினார்.