நகரும் வேலியும் நகராத வாத்துகளும்

வேலி என்றால் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் என்று நம்புகிற ஊரில், வாரத்துக்கு ஒருமுறை பிடுங்கி நடவேண்டிய வேலியை விற்பதுதான் என் தொழில். கம்பு கோத்த வலை, அதற்கு ஒரு சின்னப் பேட்டரிப் பெட்டி, அவ்வளவுதான் சரக்கு. வலையைத் தொட்டால் சுள்ளென்று ஒரு தட்டு தட்டும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே கோழியும் வாத்தும் மேயும். புல் தீர்ந்ததும் வேலியைப் பிடுங்கி அடுத்த புல்லுக்குப் போகலாம். ஆசையாக வளர்த்த கோழியைத் தெருநாய்க்குப் பறிகொடுத்து, வாசலில் சிறகு மட்டும் பொறுக்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நாமெல்லாம் ஒரே சாதி. கேளுங்கள்.

செருப்பு

ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கோழி வளர்க்கிறவர் ஸ்டீபன் அண்ணன். வேலியைக் கட்டி முடித்துப் பெட்டியைப் போட்டேன். அண்ணன் வந்து வலையைப் பிடித்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு கையாலும் பிடித்து, துணி உலர்த்துகிற கொடியை ஆட்டுவதுபோல ஆட்டினார். "எலே, என்னை ஏமாத்தப் பாக்கியா? கரண்டு எங்கடே?" என்றார். காலில் தடிமனான ரப்பர் செருப்பு, கீழே காய்ந்த சருகு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்றேன். கழற்ற மாட்டேன், கழற்றினால்தான் வேலை செய்யும் என்றால் அது என்ன வேலி என்று கேட்டார். நாய் செருப்பு போட்டுக்கொண்டா வரும் என்று நானும் கேட்டேன். குரல்கள் ஏறின.

துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி லில்லி அக்கா, என்ன சண்டை என்று பார்க்க ஈரக்கையும் வெறுங்காலுமாக வந்தார். "இதுக்கா இந்தச் சத்தம்?" என்று வலையைத் தொட்டவர், "எக்கம்மோ!" என்று துள்ளி ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டார். அண்ணன் ஆர்வமாக, "கரண்டு உண்டா?" என்று கேட்டார். அக்கா மரத்தை விடாமலே சொன்னார்: "இந்த மனுஷனுக்கு நான் சொன்னாலும் ஏறாது, கரண்டும் ஏறாது!"

எல்லைக் கல்

ஒரு சாண் எல்லைக்காகக் கோர்ட்டு ஏறுகிறவர்கள் நாம். அங்கே நகருகிற வேலி என்றால் கேட்க வேண்டுமா? பாறசாலை பக்கத்துக் கிராமத்தில் மேரி அக்காவுக்கு வேலி போட்டுக் கொடுத்தேன். வாரா வாரம் அது புல்லைத் தேடி நகர்ந்தது. நகர்ந்த திசையில் சுகுமாரன் சாரின் வாழைத்தோட்டம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு காலையில் அளவு டேப்போடு வந்து எல்லைக் கல் அருகே நின்றுகொண்டார். சாருக்குக் கோபம் வந்தால் மலையாளம், சமாதானம் வந்தால் தமிழ். அன்று முழுக்க மலையாளம். "இன்னு கோழி வரும், நாளே நீ வரும்! இது நடக்கில்லா!" மேரி அக்கா என்னை அழைத்தார். வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக் காட்டி, இது இடம் பிடிக்கிற வேலி இல்லை சார், பாய் மாதிரி சுருட்டுகிற வேலி என்று விளக்கினேன். அவர் டேப்பைச் சுருட்டவில்லை.

மழை பெய்தது. கோழிகள் கிளறி எச்சமிட்டுப் போன இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக எழும்பியது. கல்லுக்கு அந்தப்பக்கம் சாரின் வாழைகள் வெளிறி நின்றன. சார் தினமும் வந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். அப்புறம் எனக்கே போன் வந்தது. நல்ல தமிழ். "மக்கா, வேலி ஒரு வாரம் எனக்க வாழைக்குள்ள கெடக்கட்டும். நான் கேஸ் குடுக்க மாட்டேன்."

பருந்து

இது போனில் வந்த ஆள்; முகம் பார்த்ததில்லை. நாய் வருமா, கீரி வருமா என்று பொறுமையாக விசாரித்தார். வராது, வராது என்றேன். பருந்து? அது மேலே இருந்து வரும், வேலி ஒன்றும் செய்யாது, மரநிழலில் மேய விடுங்கள் என்றேன். அவர் சொன்னார்: "அப்பம் நீரே பருந்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும், நடந்து வரணும்னு."

வாத்து

காஞ்சிரங்குளத்தில் தங்கப்பன் மாமாவின் வாத்துகள் முதல் வாரமே வலையில் அலகை வைத்துப் பாடம் படித்துவிட்டன. நல்ல பாடம், கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டன. இடம் மாற்றுகிற நாளில் முன்பக்க வலையை நான் பிடுங்கினேன். எதிரே புதுப் புல், அதற்கப்பால் குளம். வாத்துகள் வரிசையாக வந்தன, வலை நின்றிருந்த கோட்டில் நின்றன. தவிடு போட்டுப் பார்த்தோம். கழுத்து மட்டும் நீண்டது, கால் வரவில்லை. மாமா அந்தக் கோட்டில் அப்படியும் இப்படியும் நடந்து காட்டினார். வாத்துகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தன.

கடைசியில் ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப்பக்கம் விட்டோம். விட்ட வாத்து, கூட்டத்தைக் காணாமல் கத்திக்கொண்டு, தான் அத்தனை நேரம் பயந்த அதே கோட்டைத் தாண்டி இந்தப்பக்கமே ஓடி வந்தது. அப்புறம் நான் அந்தப்பக்கம் காவல் நிற்க, மாமா சுமந்தார். எல்லாம் குளத்தில் இறங்கியபோது மாமாவின் சட்டை சட்டையாக இல்லை. வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "வேலியப் புடுங்கியாச்சு மக்கா. இதுகளுக்க பயத்த ஆரு புடுங்குவா?"

ஷீபாவின் கோழிகள்

நெய்யாற்றின்கரை பக்கம் ஷீபா. கணவர் வளைகுடாவில். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போன நேரத்தில் நாய்கள் புகுந்து அவள் கோழிகள் அத்தனையையும் கொன்றிருந்தன. இனி கோழியே வேண்டாம் என்று வீட்டார் சொல்ல, அவள் மறுபடி குஞ்சு வாங்கி வளர்த்தாள். என்னை அழைத்தபோதே சொன்னாள்: "அண்ணே, இதாக்கும் கடைசி. இதுவும் போச்சுன்னா கூட்டை வித்துருவேன்."

வேலி நகர்த்தப் பழக்கித் தர ஒரு மத்தியானம் போனேன். பெட்டியின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பக்கம் புது இடத்தில் நட்டாயிற்று. நான்காவது பக்கம் என் கையில். கோழிகள் அதற்குள் உள்ளே மேய ஆரம்பித்துவிட்டன. அப்போதுதான் மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டத்துக்குள்ளிருந்து நாய்கள் வந்தன. குரைக்கவே இல்லை. ஷீபாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் அலறவில்லை. என் கையிலிருந்த வலையின் ஒரு முனையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள், மறுமுனையோடு நான் ஓடினேன். கடைசிக் கம்பு மண்ணில் இறங்க மறுத்தது. வலையைக் கையாலேயே இழுத்துப் பிடித்து நின்றேன். அவள் பெட்டிக்குப் பாய்ந்தாள். "இரு, எனக்க கை வலையில உண்டு!" என்றேன். "கையெல்லாம் பொறவு பாக்கலாம்!" என்று சுவிட்சைப் போட்டுவிட்டாள். அதே நொடியில் முன்னால் வந்த நாய் வலையில் மூக்கை வைத்தது.

அடுத்து நான் பார்த்தது, நாய்கள் மரச்சீனிக்குள் திரும்பி ஓடுவதைத்தான். நான் புல்லில் மல்லாந்து கிடந்தேன். ஷீபா கோழிகளை எண்ணினாள். நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினாள். எல்லாம் இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடி அழுதாள். நான் எழுந்து, பயப்படாதே பிள்ளே, இனி அந்த நாய் இந்தப் பக்கமே வராது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழுகைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. "அண்ணே, நீங்களும் நாயும் ஒரே சத்தமாக்கும் போட்டது!"

ஊர்க் கோழிகளுக்கெல்லாம் காவல் போட்டுத் திரிகிற எனக்கு, வீட்டில் ஒரே ஒரு கோழி வளர்க்க மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.