பிளாட்பாரத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ரயிலில் வந்தார்கள். இந்தக் காலத்தில் அப்படி யாரும் வருவதில்லை. வேன் பிடித்து, தெருமுனையில் வழி கேட்டு, ஊரே எட்டிப் பார்க்க வந்து இறங்குவதுதான் வழக்கம். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்கக் காரையும் லாரியையும் நிறுத்திவைத்து ரயிலை அனுப்பியவருக்கு, கார் என்றாலே கொஞ்சம் இளக்காரம். கையில் பாஸ் வேறு இருந்தது. டிரெயின் இருக்கும்போது கார் எதற்கு என்று தரகரிடம் கேட்டாராம். அவருடைய மகனுக்கு வேலை ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில். அப்பாவும் பிள்ளையும் அந்த வீட்டில் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்று நான் அப்போதே யோசித்தேன்.

செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ஒற்றைப் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு டிக்கெட் அறை, இரண்டு சிமென்ட் பெஞ்சு, ஒரு மஞ்சள் போர்டு, அவ்வளவுதான். பிளாட்பாரம் தரையோடு தரையாகக் கிடப்பதால், வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, மரத்திலிருந்து இறங்குவதுபோல இறங்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஓர் அக்காதான் எல்லாம். செங்கல்பட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்கு நான் தினமும் அந்த ஸ்டேஷனிலிருந்துதான் போய்வந்தேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்ததாக எனக்கு இரண்டு தடவைதான் நினைவு. இரண்டு தடவையும் நான்தான் லேட்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏதோ அரசு விடுமுறை. ஒன்பது மணி வண்டியில் வருவார்கள், ஒன்பதரைக்கு நல்ல நேரம் தொடங்கும்போது வீட்டில் இருப்பார்கள், பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அம்மா இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆகியும் அந்த வண்டியை நம்பினாள் என்பதுதான் ஆச்சரியம்.

ஒன்பதே காலுக்கு மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். சரக்கு வண்டிக்கு வழிவிட்டு முந்தின ஸ்டேஷனில் நிற்கிறார்களாம். வருத்தமாகச் சொல்லவில்லை, சரக்கு வண்டி எத்தனை பெட்டி என்றெல்லாம் விளக்கினாராம். பத்து மணிக்கும் அங்கேயே நின்றார்கள். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வயல் வழியாக இரண்டு கிலோமீட்டர். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸ்டேஷனில் காத்திருந்த அப்பா கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"பொண்ண இட்டுகினு இங்கயே வந்துடு. வேற வழி இல்ல."

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். "இன்னாங்க பேசற நீ? ஊரு சிரிக்காதா?" என்றாள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

அண்ணனின் ஸ்கூட்டரில் மூன்று பேரும் போனோம். நான் பட்டுப் புடவையோடு நடுவில், பின்னால் அம்மா, அவள் மடியில் கேசரியும் பஜ்ஜியும் இருந்த ஹாட்பாக்ஸ். நாங்கள் போய்ச் சேரும்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. என் வருங்கால மாமியார் முதுகைக் காட்டி இறங்கிக்கொண்டிருந்தார். அவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

டிக்கெட் அக்கா தன் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டார். காஞ்சிபுரம் கோயிலுக்குப் போக எதிர்வண்டிக்குக் காத்திருந்த நாலைந்து பெண்கள், யாரும் சொல்லாமலே ஒரு பெஞ்சைக் காலி செய்து கொடுத்துவிட்டு எதிரே வரிசையாக நின்றுகொண்டார்கள். நான் தட்டை நீட்டினேன். அந்தப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, "மாப்ள பரவால்ல. கொஞ்சம் நிமிந்து நிக்கச் சொல்லு" என்றார். மாப்பிள்ளை உடனே நிமிர்ந்து நின்றார். பார்த்துவிட்டதாக எல்லோரும் ஒப்புக்கொண்டபோது பத்து இருபத்தெட்டு. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு, இருவரும் தனியாகப் பேசட்டும் என்றார்கள். அந்த ஸ்டேஷனில் தனி இடம் என்றால் பிளாட்பாரத்தின் கடைசியில் மஞ்சள் போர்டுக்குப் பின்னால்தான். அங்கே போய் நின்றோம். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீர்களா என்று கேட்டார். போவேன் என்றேன். எதில் என்று கேட்டார். இதே வண்டியில்தான் என்றேன். "பாவம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு பேச்சு சுலபமாகப் போயிற்று. லேபில் ஊசியைப் பார்த்து மயங்கி விழும் பயில்வான்களைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது.

அவர்கள் திரும்பிப் போக வேண்டிய எதிர்வண்டி, வழக்கத்துக்கு விரோதமாக, பதினைந்து நிமிடம்தான் தாமதம். அது எங்கள் ஊரில் நிற்பது ஒரு நிமிடம். பெட்டிகளோ அந்தக் கோடியில், டிக்கெட் அறைப் பக்கம் நின்றன. மாமியாரைக் கீழேயிருந்து இரண்டு பேரும் மேலேயிருந்து ஒருவரும் ஏற்றினார்கள். மாப்பிள்ளை ஓடினார். பாதி தூரத்தில் செருப்பு வார் அறுந்தது. குனிந்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

மாமியார் ஜன்னலில் கூச்சல் போட்டார். கோயிலுக்குப் போகும் பெண்களில் ஒருவர் சங்கிலியை இழுக்கக் கை நீட்டினாராம். மாமனார் தடுத்துவிட்டாராம்.

"புள்ள அடுத்த வண்டில வருவான். செயின இழுத்தா குத்தம்."

சொல்லிவிட்டு வாசலில் நின்று, பழக்கதோஷத்தில், பச்சைக் கொடி பிடிப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே போனார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மகன் அதைப் பார்த்தபடி நின்றார். வேண்டுமென்றேதான் குனிந்தாரா என்று பின்னாளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அறுந்த செருப்போடு எப்படி ஓடுவது என்று நியாயம் பேசுவார்.

அடுத்த வண்டி சாயங்காலம். பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றான் அண்ணன். வந்தவரைச் சாப்பாடு போடாமல் அனுப்புவதா என்றார் அப்பா. ஆனால் ராகுகாலத்தில் வாசப்படி தாண்டக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டதால், அண்ணனின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிவரை அவர் வயலில் இருக்கும் எங்கள் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்.

சாப்பிடும்போது அப்பா வேலையைப் பற்றி விசாரித்தார். நிரந்தர வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். ஸ்டேஷனில் அவருடைய அப்பாவும் அதையேதான் சொன்னார். இவர் ரசத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"பர்மனென்ட் இல்லங்க. கான்ட்ராக்ட்தான். எங்க அப்பாவுக்கே அது சரியா தெரியாது. நான் சொல்லல."

அம்மா மோர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இந்தச் சம்பந்தம் முடிந்துபோயிருந்தது. அப்பா சாப்பிட்டு எழுந்தார். அன்று முழுக்க எனக்கு எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அப்படி இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் அவருடைய அப்பா இல்லாததால்தான் சொன்னார் என்றும் தோன்றியது. அவர் வண்டியைத் தவறவிடாமல் போயிருந்தால் எனக்கு ஒரு பொய்யோடு கல்யாணம் ஆகியிருக்கும்.

அவரை அண்ணன் ஸ்டேஷனில் விட்டுவந்த பிறகு, எனக்குச் சம்மதம் என்று சொன்னேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. கான்ட்ராக்ட் வேலைக்காரனுக்கா என்று மூன்றாம் நாள் கேட்டாள். நான் பார்ப்பதும் அப்படிப்பட்ட வேலைதானே என்றேன். அப்பா சிரித்தார். அவர் முடிவு செய்துவிட்டார் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

உண்மையை மகன் தன் அப்பாவிடமும் அன்றிரவே சொல்லிவிட்டார். மாமனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு எங்கள் வீட்டுக்கு அவரே போன் செய்து, தெரியாமல் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

தை மாதம் மாப்பிள்ளை ஊரான வாலாஜாபாத்தில் கல்யாணம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு வேன் வைத்தோம். ரயிலில் வந்தால் என்ன என்று மாமனார் கேட்டதாகவும், மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டதாகவும் கேள்வி. இப்போது நான் வாலாஜாபாத்தில் வண்டி ஏறுகிறேன். முன்பைவிடத் தூரம் அதிகம். உட்கார இடம் மட்டும் கிடைக்கிறது. அவருக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. வருகிற வருஷம் ஆகும் என்கிறார்கள். வருஷா வருஷம் அப்படித்தான் சொல்கிறார்கள்.