தாய்வீட்டில் பிறந்த குற்றம்

ட்ரேசர் வேலை என்றால், இஞ்சினீயர் வரைந்த படத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, அவர் போட்ட கோட்டின் மேலேயே நாமும் மசியால் கோடு போடுவது; சொந்தமாக ஒரு கோடு போட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று பிழைக்கப் போய், இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்ள உத்தரவு தாருங்கள் என்று அந்நியன் வாசலில் கைகட்டி நிற்கிற என் சகோதரர்களே, உங்களுக்காவது கடல் தாண்டினோம் என்ற பெருமை உண்டு. எனக்கு அந்தச் சவப் பெருமையும் இல்லை. நான் தாண்டியது ஆரல்வாய்மொழிக் கணவாய். அதையும் நானாகத் தாண்டவில்லை, அம்மா வயிற்றுக்குள் இருந்தபடி தாண்டினேன்.

வண்டி போன திசை

அப்பாவுக்குச் சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம், அதுவும் திருவிதாங்கூர் ராஜ்யம்தான். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா பணகுடிக்காரி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம்மவர் வழக்கம். யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை, ஏழாம் மாசம் முடிந்தால் வண்டி கட்டுவார்கள், அவ்வளவுதான். கணவாய்க்கு இந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா ராஜ்யம், அந்தப் பக்கம் வெள்ளைக்காரனுடைய திருநெல்வேலி ஜில்லா என்பதெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம் போய் என்னைப் பெற்றாள். கழுத்து நிற்பதற்கு முன்னே இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டாள். அப்புறம் எனக்குப் பல் விழுந்ததும் மீசை முளைத்ததும் திருவனந்தபுரத்தில்தான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிய பிறகு, சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எனக்கு ட்ரேசர் வேலை கிடைத்தது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எங்கே பிறந்தாய் என்றார்கள். மடையன் மாதிரி உண்மையைச் சொன்னேன். அந்த நிமிஷம் முதல் நான் பரதேசி. அந்த ஊர் ஆபீஸ் பேச்சில் பரதேசி என்றால் வெளிநாட்டான். வெளிநாட்டான் சர்க்கார் வேலையில் நீடிக்கவும், சர்க்கார் லைன் வீட்டில் குடியிருக்கவும் ஆவணிக்கு ஆவணி அனுமதி புதுப்பிக்க வேண்டும். அந்த வேலையை நாட்டுக்காரன் ஒருவன் கேட்டு வந்தால் அதோடு சரி, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். உன் அப்பா நாட்டுக்காரர்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்பனைப் பார்க்கிற வழக்கமில்லை, பிறந்த இடம்தான் கணக்கு என்றார்கள். அனுமதி வழங்கும் ஆபீஸின் ஹெட் கிளார்க் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மெய்யாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்:

"பிள்ளே, அம்மைக்கு நோவு கண்ட உடனே வண்டியைத் திருப்பி இங்கோட்டு விட்டிருக்கப்படாதா?"

குரல் அவருடையதுதான்

அனுமதிக்கு இரண்டு சாட்சி வேண்டும். இரண்டு பேரும் நாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். "இந்த ஆளை எனக்குத் தெரியும், ஒழுக்கமாக இங்கேதான் இருக்கிறான்" என்று ஹெட் கிளார்க் முன்னால் வந்து வாயால் சொல்ல வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆவணி நெருங்க நெருங்க நான் போகிற தெருவில் ஆள் நடமாட்டமே குறைந்துவிடும். நேற்றுவரை தோளில் கை போட்டவன் இன்றைக்கு என்னைக் கண்டால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். நானும் மானங்கெட்டுப் பல்லை இளித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். உங்களுக்கும் இந்த இளிப்பு பழக்கமாகத்தான் இருக்கும்.

லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் குட்டன் பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. என் மனைவி சிவகாமி, பணகுடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அவர் வீட்டு அம்மாளிடம்தான் மலையாளம் பேசக் கற்றுக்கொண்டாள். வருஷா வருஷம் எனக்கு முதல் சாட்சி அவர்தான். ஓர் ஆவணியில் கூப்பிடப் போனேன். "இவிடெ இல்லை" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. குரல் அவருடையதுதான்! மறுநாள் விடியற்காலம் கிணற்றடியில் மடக்கிவிட்டேன். அவர் அக்காள் மகன் ஒருவன் ட்ரேசிங் பழகுகிறானாம். அவர்கள் குடும்பத்தில் அக்காள் மகன்தான் வாரிசு. கயிற்றை இழுத்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உன்னைத் தெரியும்னு நான் அங்கே போய்ச் சொன்னா, பின்னே அவன் என்னை மாமான்னு விளிப்பானாடோ?"

ஓணத்துக்கு நான் இல்லை

அந்தத் தடவை வேறொருவர் காலைப் பிடித்துச் சாட்சி வாங்கித் தப்பித்தேன். அந்த ஊர்க் கணக்கில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆடிக் கடைசியோடு என் அனுமதியும் செத்துப்போகும். புது அனுமதி கைக்கு வரும்வரை நான் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஓணம் ஆவணித் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆபீஸ் எல்லாம் அடைப்பு, ஹெட் கிளார்க் ஊருக்குப் போய்விட்டார். தெருவெல்லாம் பூக்களம், ஊஞ்சல், புதுத் துணி. நாங்கள் மட்டும் யாராவது வந்து வெளியே கிளப்பிவிடுவார்களோ என்று வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் இஞ்சினீயருக்கு அந்தச் சமயம் பார்த்து ஓர் அவசரம். ராஜ்யத்தின் கிழக்கு எல்லைப் படம் உடனே போக வேண்டுமாம். ஆளனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆட்கள் இல்லாத ஹாலில் உட்கார்ந்து வரைந்தேன். ஆரல்வாய்மொழியில் எல்லைக் கோடு வந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கோட்டை ஒரு விரற்கடை கிழக்கே தள்ளினால் பணகுடி உள்ளே வந்துவிடும். நான் நாட்டுக்காரன், என் பெண்டாட்டி நாட்டுக்காரி. தள்ளவில்லை, இருந்த இடத்தில் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தேன். இஞ்சினீயர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மெச்சிக்கொண்டார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார்.

"ஐயோ, ஒப்பு ஒண்ணும் இடவேண்டாம்! அனுமதி இல்லாத ஆள் வரைஞ்சதுன்னு தெரிஞ்சா நாட்டோட எல்லையே செல்லாமப் போயிடும்."

மரச்சீனிப் பரீட்சை

சொன்ன இடத்தில்தான் குடியிருக்கிறோமா, இல்லை பெயருக்கு ஒரு வீட்டைக் காட்டிவிட்டு ஊரில் இருக்கிறோமா என்று பார்க்க ஒரு பியூன் வருவான். நான் ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். கட்டிலைப் பார்ப்பான், கொடியில் கிடக்கிற துணியைப் பார்ப்பான், அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். சிவகாமிக்கு உடம்பு கூசும். ஒருதடவை அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் அதைத் தின்னாத ஆள் கிடையாது. இன்றைக்குத் தப்பித்தோம் என்று அவளுக்கு ஒரு சந்தோஷம். இவன் போகாமல் பக்கத்துச் சட்டியின் மூடியையும் திறக்கச் சொல்லியிருக்கிறான். அதில் எங்கள் ஊர்ப் புளிக்குழம்பு. சாயங்காலம் அவன் சொன்னதை அவனைப்போலவே சொல்லிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"மரச்சீனி எல்லாம் சரிதான் அம்மா. அதுக்கு இந்தப் பாண்டிக் குழம்பு என்னத்துக்கு? ரெண்டையும் சேத்துச் சொன்னா ஏமான் என்னையில்லா ஏசுவாரு!"

மாமியார் வந்துபோனது

அடுத்த வருஷம் சிவகாமி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாசம் முடிந்ததும் கூட்டிப்போக மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு கூடை முறுக்கும் மல்லிகைப்பூவுமாக. நான் அனுப்ப மாட்டேன் என்றேன். "அத்தே, என்னை அங்கே பெத்ததுக்குத்தான் வருஷா வருஷம் தெண்டனிட்டுக்கிட்டு நிக்கேன். என் பிள்ளை இங்கே பிறக்கட்டும். அதுக்காவது இந்தப் பிழைப்பு வேண்டாம்" என்றேன். மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பாதவன் கொலைகாரனுக்குச் சமானம் என்றுதான் அவள் நினைத்தாள். எங்களோடு தங்கிப் பிரசவம் பார்க்கவும் அவளுக்கு வழியில்லை. மாமனார் பாரிசவாயுவில் படுத்த படுக்கை; அவர் வாயில் கஞ்சி ஊற்ற அவள்தான் போக வேண்டும்.

சிவகாமி அம்மா மடியில் தலைவைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பயமாத்தான் இருக்கும்மா. ஆனாலும் இங்கனயே பெத்துக்கிடுதேன். எம் பிள்ளையாவது அந்த அனுமதி ஆபீசு மனுஷன் முன்னால கை கட்டிட்டு நிக்காண்டாம்" என்றாள். இருபது வயசுகூட ஆகாதவள். அவளை அப்படிச் சொல்ல வைத்த சட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மாமியார் பூவை மகள் தலையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள். பஸ் ஏறுமுன் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வயித்துப் பிள்ளைக்கும் எல்லை போட்ட ராசா உண்டுன்னு இன்னைக்குத்தான் மாப்பிள்ள கேள்விப்படுதேன்."

ஆவணி

ஆடி மாசம், அடைமழை. ஆஸ்பத்திரியில் ஒரு பகலும் ஓர் இரவும் சிவகாமி துடித்தாள். "எம்மா, எம்மா" என்று அவள் போட்ட கூப்பாடு வராந்தாவில் நின்ற என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மற்றப் பெண்களுக்கெல்லாம் தாய் வந்திருந்தாள், சித்தி வந்திருந்தாள். இவளுக்கு நான் ஒருத்தன், என்னையும் உள்ளே விடவில்லை. நர்ஸம்மா வெளியே வந்து, இவள் அம்மா எங்கே என்று கோபித்துக்கொண்டாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றா சொல்வது? விடிந்ததும் பெண்குழந்தை பிறந்தது. சிவகாமி பிழைத்தாள், ஆனால் வெகுநாள் எழுந்து நடக்க முடியவில்லை. அந்த நிலையிலும் குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பாத்துக்கிடுங்க, நாட்டுக்காரி" என்றாள்.

ஆவணி பிறந்ததும் கல்கண்டுப் பொட்டலத்தோடு அனுமதி ஆபீசுக்குப் போனேன். எதிரிலேயே குட்டன் பிள்ளையும் அவர் அக்காள் மகனும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். அப்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஹெட் கிளார்க் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, குழந்தை சுகமா என்று முதலில் விசாரித்தார். பிறகுதான் சொன்னார்: நாட்டுக்காரன் ஒருவன் வேலையைக் கேட்டுவிட்டான், இந்த வருஷம் எனக்கு அனுமதி கிடையாது, மாசக் கடைசிக்குள் லைன் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும்.

வாய்விட்டுக் கெஞ்சினேன், வெட்கப்படவில்லை. "ஐயா, பச்சை உடம்புக்காரி, எழுந்து நிக்க முடியலே. பிறந்த பிள்ளையைத் தூக்கிட்டு எங்கே போவேன்? இங்கே எனக்கு வேற யாரு இருக்கா? கொஞ்ச நாளாவது விடுங்க" என்றேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கொடுமை. பீரோவைத் திறந்து சட்டப் புஸ்தகத்தை எடுத்தார். எனக்காக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். கடைசியில் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். அடடா, ஏதோ வழி பிறந்துவிட்டது என்று நானும் நம்பி நாற்காலிப் பக்கம் நகர்ந்தேன்.

"குழந்தைக்கு ஒரு தடையும் இல்லை பிள்ளே! அது இவிடெப் பிறந்ததல்லோ, எத்தனை காலம் வேணும்னாலும் இருக்கலாம். நீயும் சம்சாரமும் மாத்திரம் போனால் போதும்."

ஆகவே சகோதரர்களே, ஒரு நாட்டில் யார் தயவும் இல்லாமல் நிரந்தரமாக இருக்க ஆசைப்பட்டால், அங்கேயே பிறந்து, வாய் பேசாமல், வேலை கேட்காமல், தொட்டிலை விட்டு இறங்காமலே இருந்துவிட வேண்டும்.