சுரூப அறையின் பூட்டு

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில், எந்த ஆலயத்தில் முழந்தாளிட்டிருந்தாலும், என் செவி ஒரு குரலைத் தேடுகிறது. அது என் தாய்மாமனின் குரல். ஆண்டவரின் மரச்சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கித் தேவதாயின் காலடியில் கிடத்தும் வேளையில், மகனை இழந்த தாயின் புலம்பலை எங்கள் ஊரில் அவர்தாம் பாடுவார். பக்திப் பாடல்களின் நிழலிலேயே வாழ்ந்து வந்தவள் நான். ஆயினும், அந்தத் தாய் பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லி அழைக்கும் இடத்தில் அவர் உருகியதுபோல் எவரும் உருகிப் பின்னர் நான் கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் தவக்காலம் அது. ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் சிற்றாலயம் இருந்தது. என் தந்தை அதன் உபதேசியார். பங்குச் சாமியார் வராத நாள்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், ஆலயச் சாவிகளைக் காப்பதும் அவர் பொறுப்பு. மாமா கல்குவாரியில் லாரி ஓட்டினார். மாலையில் வண்டியை நிறுத்தியதும் அவருடைய கால்கள் அவரைக் கேளாமலே சாராயக்கடைக்கு நடந்துவிடும்.

முந்தைய ஆண்டு பெரிய வெள்ளியன்று அவர் குடித்துவிட்டு வந்தார். புலம்பலின் நடுவே அடி மறந்து, ஏதோ ஒரு தாலாட்டுக்குத் தாவிவிட்டார். சிலர் சிரித்தனர். அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டார். இம்முறையும் அப்படி நேர்ந்தால் புலம்பலை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதென்று அப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று மாமாவே அப்பாவுக்கு வழி சொன்னார். அக்காள் கணவரான அப்பாவை அவரும் மாமா என்றே அழைப்பார்.

“என்ன நம்பாத மாமா. சாயங்காலம் வண்டிய வுட்டதும் உள்ள தள்ளிப் பூட்டிடு. காலீல தொறந்து வுட்டா போதும்.”

அப்பாவுக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. ஆலயத்தின் பக்கவாட்டில், சுரூபங்கள் வைக்கும் அறை இருந்தது. தவக்காலத்துக்கு உரிய ஊதாத் துணியால் மூடப்பட்ட புனிதர்களோடு, அன்று மாலையிலிருந்து மாமாவும் அங்கே வைக்கப்பட்டார். சன்னல் வழியே கஞ்சித் தூக்கை நீட்டுவது என் வேலை.

“அந்தோணியாரும் நானும்தான் பாப்பா ஜெயில்ல. ஊர்ல காணாமப் போனதெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்கறாரு. பக்கத்துலயே குந்திக்கினு கீறேன், என்னக் கண்டுபுடிக்க மாட்டேன்றாரு.”

“அவருக்குத்தான் கண்ண மூடி வெச்சிருக்குதே மாமா,” என்றேன். அவர் கஞ்சி புரையேறச் சிரித்தார்.

வீட்டில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. புதன்கிழமை அப்பா சாமியாரைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூருக்குச் சைக்கிளில் போயிருந்தார். அன்று குவாரியில் வேலை அரைநாளோடு முடிந்துவிட்டதால், போகுமுன் மாமாவை உள்ளே விட்டுப் பூட்டியிருந்தார். அம்மா ஆணியில் தொங்கிய மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பூட்டுத் திறக்கும் ஓசை கேட்டதும் மாமா பதறி எழுந்தார்.

“இன்னா பண்ற அக்கா? தொறக்காத. நான் போயிடுவேன்.”

“போனா போடா. மூணு நாளா இந்தப் பூட்டுதான் நோன்பு இருக்குது. நீ எங்கடா இருக்கிற?”

அம்மா பூட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போனார். அவருடைய முதுகு நடுங்கியதை நான் கண்டேன். அவர் கோபத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் மாமா வெளியே வந்தார். ஏரிக்கரை மேல் நடந்தார், நானும் நடந்தேன். மதகின் அருகே வந்தால் சாராயக்கடையின் தகரக் கூரை தெரியும். அங்கே நின்றுவிட்டார். கடை வாசலில் இருந்து ஒருவர் கை தட்டி அழைத்தார்.

“இன்னா டிரைவரே, அங்கியே நின்னுக்கினு கீற? வாப்பா.”

மாமா மதகின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் வியர்வை வழிந்தது. வெயில் தணிந்து நீர் செம்மை கொள்ளும்வரை அசையவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது.

“போறதுன்னா போயிட்டு வா மாமா. நான் இங்கியே இருக்கேன்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் தலைமேல் கை வைத்து, “வா, அந்தோணியாரு தனியா இருப்பாரு,” என்று திரும்பி நடந்தார்.

இதற்குள் அப்பா ஊர் திரும்பி, திறந்து கிடந்த அறையைக் கண்டு, சாலை வழியாக நேரே சாராயக்கடைக்கே சைக்கிளை விட்டிருக்கிறார். தவக்காலத்தில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் செபமாலையுமாக உபதேசியார் கடைக்குள் நுழைந்ததை ஊர் பல நாள் பேசிச் சிரித்தது. உள்ளே இருந்த எங்கள் பங்கு மக்கள் சிலர் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்களாம். கடைக்காரர், “வாங்க உபதேசியாரே, நோன்பு முடிஞ்சிச்சா?” என்று கேட்டாராம்.

வியர்க்க விறுவிறுக்க அப்பா ஆலயத்துக்கு வந்தபோது, மாமா கதவை அகலத் திறந்து வைத்துப் புலம்பலை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“எங்க போயிருந்த?”

“மதகு வரைக்கும் மாமா.”

நான் அப்பாவின் காதருகே போய், “பாதி வழியிலயே நின்னுட்டாருப்பா. உனக்குப் பயந்துதான்,” என்றேன். அப்பா கீழே கிடந்த பூட்டை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று மாமா பாடினார். பிள்ளையைத் தாய் அழைக்கும் இடத்தில் குரல் ஒருகணம் நின்று, பின் எழுந்தது. அம்மாவின் முக்காடு தோளில் கிடந்தது.

அதனால் மாமா முற்றும் திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் அது பொய். உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் சில மாலைகள் விழுந்தார். பல மாலைகள் மதகுவரை போய்த் திரும்பினார். திரும்பித் திரும்பியே அவர் கால்கள் வேறு வழி பழகின. அதே ஆண்டில் அரசு சாராயக்கடைகளை மூடியபோது பெண்கள் எல்லோரும் மகிழ்ந்தனர். மாமா மட்டும், “கடையே இல்லன்னா நான் இன்னாத்த அக்கா வேணாம்னு சொல்றது?” என்றார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்.

இன்று அந்த மதகை ஒட்டிக் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. மாமா ஆலயத்தின் பின்புறக் கல்லறையில் துயில்கிறார். விரும்பியதைச் செய்வது விடுதலையின் வாசல் மட்டுமே. நல்லதைச் செய்ய வலிமை பெறுவதே அதன் உள்வீடு என்பதை நானும் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தான் வருகிறேன். சொல்லும்போதெல்லாம் இரும்புக் கம்பியைப் பற்றிய அந்தக் கை தெரிகிறது. பெரிய வெள்ளியன்றோ அந்தக் குரல் மட்டும் கேட்பதில்லை.

போகச் சொல்லி நானே விடை கொடுத்த பிறகும் ஏன் அவர் போகவில்லை என்று, அன்று கரைமேல் அவர் கைப்பிடித்து நடந்த வழியெல்லாம் நான் வியந்துகொண்டே வந்தேன்.