லிவர் எதில் இருந்தது

நாற்றுப் பண்ணையில் அவரை எல்லோரும் முப்பது என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருக்கு வயது ஐம்பத்தொன்று. டிராக்டரில் டிரெய்லரை மாட்டிவிட்டால் அவர் வண்டியின் வேகமுள் முப்பதைத் தாண்டாது. பின்னால் பேருந்து விடாமல் ஹாரன் அடித்தாலும் சரி, மழை பிடித்து உரமூட்டை நனைந்தாலும் சரி. "முப்பதண்ணே, சைக்கிள்காரன் உங்களை முந்திட்டுப் போறான்" என்று யாராவது கிண்டலடித்தால், "போகட்டும். அவன் முதுகுக்குப் பின்னாடி ஒன்றரை டன் இல்லையே" என்பார்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்தாறு வயதில், ஈரமண் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் கொஞ்சம் விரட்டிவிட்டார். பிரேக் போட்டதும் டிராக்டர் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளி, டிராக்டரைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி வைத்துவிட்டது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பண்ணைக்கு இரண்டு இடங்கள். நாற்று வளர்க்கும் மேல் பண்ணை மலைச்சரிவில். விற்கிற கீழ் பண்ணை பெரிய சாலையோரம். நடுவே ஆறு கிலோமீட்டர். மண்ணும் உரமும் மேலே போகும், செடிகள் கீழே வரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆறு கிலோமீட்டர்தான் அவர் உலகம். எந்தத் திருப்பத்தில் எந்த கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் கியரே இல்லாத டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார் முதலாளியம்மா.

"கியர் பாக்ஸ் இல்ல சார், ஹைட்ரோஸ்டாட்டிக். எண்ணெய்தான் சக்கரத்தைச் சுத்தும்" என்றார் ஷோரூம்காரர். "ஒரு பம்பு எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுத்தும், மோட்டார் சக்கரத்தைச் சுத்தும். இந்த மிதி முன்னாடி, அந்த மிதி பின்னாடி. ரெண்டையும் விட்டா நின்னுடும். இந்தச் சின்ன லிவருக்கு மூணு இடம். வயல், நடு, ரோடு. குழந்தைகூட ஓட்டும் சார்."

குழந்தை ஓட்டியிருக்குமோ என்னவோ, முப்பது திணறினார். சமதரையில் சரியாகப் போன வண்டி, மேட்டில் பாரத்தோடு ஏறும்போது முக்கி முனகியது. இன்னும் அழுத்தி மிதித்தார். இன்னும் மெதுவாகப் போனது. காலை அடிவரைக்கும் வைத்து அழுத்தினார். இஞ்சின் இருமிவிட்டு அணைந்தே போனது.

பண்ணை மெக்கானிக், அவர் மனைவியின் தம்பி. அவனிடம் கேட்டார். "எண்ணெய் சூடாகுது மாமா. இதெல்லாம் புல்லு வெட்டற வண்டி, பாரம் இழுக்கிற வண்டியே இல்ல" என்றான் மச்சினன். ஷோரூம்காரரைப் போனில் கேட்டார். "பயப்படாம மிதிங்க சார்" என்றார் அவர். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மனைவி, வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"ஏங்க, 'ஏற்றத்தில் சுமை கூடினால் மிதியைத் தளர்த்தவும்'னு போட்டிருக்கு."

"தளர்த்தவா? அச்சுப்பிழையா இருக்கும்."

"ரெண்டு இடத்துல போட்டிருக்குங்க. ரெண்டுமா பிழை?"

மறுநாள் மேட்டில், மனமே இல்லாமல், காலைக் கொஞ்சம் தளர்த்தினார். வண்டி மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டு ஒழுங்காக ஏறியது. அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. மிதித்தால் நிற்கிறது, தளர்த்தினால் ஏறுகிறது என்றால் இத்தனை வருஷம் கற்றதற்கு என்ன பொருள்? புத்தகத்தைப் புரட்டுமுன் மூன்று வாரம் அழுத்தோ அழுத்தென்று அழுத்தியிருந்தாரே, அது வண்டியை என்ன செய்திருக்கும்? யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மேல் பண்ணையிலிருந்து செடிகளோடு இறங்கும்போது, பாலத்தருகே இஞ்சின் நின்றுபோனது. எவ்வளவு முயன்றும் உயிர் வரவில்லை. பாலத்தின் இருபுறமும் வண்டிகள் தேங்கின. மேனேஜர் போனில் கத்தினார்: "நம்ம லாரி அந்தப் பக்கம்தான் வருது. கட்டி இழுத்துட்டு வந்துடுங்க!"

லாரி ஓட்டுகிறவனுக்குப் பட்டப்பெயர் புயல். பெயருக்கு ஏற்ற ஆள். இறங்கும்போதே சங்கிலியோடு இறங்கினான். இருவரும் டிரெய்லரைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார்கள். "ஏறுங்கண்ணே, ஏறுங்க, கூட்டம் சேருது" என்று அவசரப்படுத்தினான். முப்பது ஏறி உட்கார்ந்தார். லாரி இழுத்ததும் டிராக்டரின் பின்சக்கரங்கள் சுற்றாமல் தாரில் தேய்ந்து 'கர்ர்ர்' என்றன. அவர் பதறிப்போய்க் கையை ஓட்டி எதையோ விடுவித்தார். சக்கரம் உருண்டது.

எதை விடுவித்தார் என்பதுதான் பிறகு கேள்வியானது.

நான்கு கிலோமீட்டர். இஞ்சின் இல்லாததால் ஸ்டியரிங் பாறாங்கல்லாகக் கனத்தது. சங்கிலி தளர்வதும் வெடுக்கென்று இழுப்பதுமாக இருந்தது. முப்பது வேகத்திலேயே போகப் பழகிய மனிதர், முள் நாற்பத்தைந்தைத் தொட்டதைப் பார்த்துக் கூச்சல் போட்டார், கையை ஆட்டினார். புயல் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ் பண்ணை வாசலில் இறங்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பார்த்தீங்களா, பத்தே நிமிஷம்!" என்றான் புயல். அவர் குனிந்து சங்கிலியைக் கழற்றினார். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. மச்சினன் அரைமணி நேரத்தில் சரிசெய்தான். இஞ்சின் பிடித்தது. ஆனால் மிதியை அழுத்தினால் வண்டி ஊளையிட்டது, நகரவே இல்லை.

ஷோரூம்காரர் வந்தார். இழுத்து வந்த கதையைக் கேட்டதும் முகம் மாறியது. "இஞ்சின் ஓடலைன்னா உள்ள எண்ணெய் ஓட்டமே இருக்காது சார். சக்கரம் சுத்தினா மோட்டார் வறட்டுச் சுத்தாச் சுத்தும். லிவர் நடுவுல இருந்திருந்தா சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் தொடர்பில்ல. அப்படின்னா இது எங்க பொறுப்பு. ரோடுல இருந்திருந்தா உங்க பொறுப்பு. எதுல இருந்தது சார்?"

எல்லோரும் முப்பதைப் பார்த்தார்கள்.

கண்ணை மூடி யோசித்தார். ஏறியது நினைவிருக்கிறது. சக்கரம் தேய்ந்தது நினைவிருக்கிறது. கை போனது நினைவிருக்கிறது. ஹேண்ட் பிரேக்குக்குப் போனதா, லிவருக்குப் போனதா? இரண்டுக்கும் போனதா? இப்போது லிவர் நடுவில்தான் இருந்தது. "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நான் அதைத் தொட்டேன் மாமா. நகர்த்தினேனான்னு தெரியலை" என்றான் மச்சினன்.

"நடுன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்று மேனேஜர் அவர் காதில் முணுமுணுத்தார். "ஒரு வார்த்தை."

"ஞாபகம் இல்லையே சார்."

"இல்லேன்னா என்ன, இருந்திருக்கலாம் இல்ல?"

"ரோடுலயும் இருந்திருக்கலாம் இல்ல?"

வீட்டில் மனைவியும் அதையேதான் சொன்னாள். "நீங்க இருபத்திரண்டு வருஷமா ஓட்டற ஆளு. கை தானா நடுவுக்குப் போயிருக்கும்ங்க."

"என் கைக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய வண்டி. இந்த வண்டியில என் கை எங்க போகும்னு எனக்கே தெரியாது" என்றார்.

அதன்பிறகு சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கை காற்றில் எதையோ தள்ளிப் பார்த்தது. காலையில் நடு என்று தோன்றும். மத்தியானம் ரோடு என்று தோன்றும். புயல் தனியாக வந்து, "அண்ணே, என் வேகத்தைப் பத்தி அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டபோது, "சொன்னேன். நாற்பத்தஞ்சு. அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றார். புயல் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

முதலாளியம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார். "கடைசியா கேக்கறேன். லிவர் எதுல இருந்தது?"

"தெரியலைம்மா. இன்னொண்ணும் சொல்லணும். வந்த புதுசுல மூணு வாரம் மேட்டுல தப்பா மிதிச்சிருக்கேன். அதனாலயும் போயிருக்கலாம்."

அந்த அம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா ரெண்டு நாளா என்கிட்ட 'தெரியலை'ன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்" என்றார். முப்பதுக்கு அது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தார்.

ஷோரூமிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கம்மா வந்தார். நரைத்த தலை, கை முழுக்க எண்ணெய், அதிகப் பேச்சில்லை. பம்பையும் மோட்டாரையும் பிரித்து வெள்ளைத் துணியில் பரப்பினார். விரலால் தடவினார். வடிகட்டியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"பம்பு முன்னாடியே சூட்டுல அடி வாங்கியிருக்கு. ஆறு மணி நேரம் சொல்லித்தர வேண்டியதை அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டு வந்தா இப்படித்தான்" என்று ஷோரூம்காரரைப் பார்த்தார். "மோட்டார்ல இழுத்த கீறல் இருக்கு. கொஞ்ச தூரமாவது சக்கரம் இதைச் சுத்தியிருக்கு. முதல் பத்தடியா, நாலு கிலோமீட்டரான்னு கேட்டா, கீறல் அதைச் சொல்லாது."

"அப்ப யார் தப்பு?" என்றார் மேனேஜர்.

"அது என் வேலை இல்ல."

கடைசியில் பம்பு ஷோரூம் பொறுப்பு, மோட்டார் பண்ணை பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். பாகங்களை மாற்றியதும் மெக்கானிக்கம்மா ஒரு முழு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முப்பதை மேட்டிலும் இறக்கத்திலும் ஓட்டவைத்தார். பாலத்தருகே நின்ற நாற்பதாவது நாள் வண்டி திரும்பி வேலைக்கு வந்தது. புயலுக்கு வேலை போகவில்லை. ஆனால் பண்ணையில் இனி எந்த வண்டியையும் சங்கிலி போட்டு இழுக்கக் கூடாது, லாரியில் ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு மாதம் கழித்து, மேல் பண்ணையில் உரம் இறக்கிக்கொண்டிருந்தபோது, திடீரென்று எல்லாம் துலக்கமாக ஞாபகம் வந்தது. பாலம், ஹாரன் சத்தம், தேயும் சக்கரம், லிவரை நடுவுக்குத் தள்ளும் தன் வலது கை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"நடுவுலதான் வெச்சேன்! கையே தெரியுது. அந்தச் சாம்பல் கையுறை போட்டிருக்கேன், லிவரைப் பிடிச்சுத் தள்றேன்."



"ஏங்க, அந்தக் கையுறை நான் போன வாரம்தானே வாங்கித் தந்தேன்."

அவர் கையைப் பார்த்தார். சாம்பல் நிறக் கையுறை, இன்னும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினாள். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த மூட்டைகளை இறக்கப் போனார்.